வட சென்னைல இருந்துகிட்டு அரசியல் அறிவியல் ரிசர்ச்சுக்கு அரசாங்கப் பணம் வாங்குறது எப்படி?

எம்.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் முடிச்சுட்டு அடுத்து ரிசர்ச் பண்ணப் போறேன்னு வீட்ல சொல்றதுக்கே வண்ணாரப்பேட்டைலயும் கொருக்குப்பேட்டைலயும் கொஞ்சம் தைரியம் வேணும், ஏன்னா உடனே வர்ற கேள்வி "அதுக்கு யாருப்பா பணம் குடுப்பா"ன்னுதான். நியாயமான கேள்வி. அரசாங்கம் குடுக்குது, நெசமாவே குடுக்குது, ஆனா கேக்குற விதத்துல கேக்கணும், யாரு வழியா கேக்கணுமோ அவங்க வழியா கேக்கணும். நம்ம பசங்ககிட்ட படிப்பு இல்லாம இது நின்னு போறதில்ல, பேப்பர் சரியா இல்லாமதான் நின்னு போகுது. அதனால இங்க படிப்பப் பத்தி கம்மியாவும் பேப்பரப் பத்தி ஜாஸ்தியாவும் எழுதறேன்.

முதல்ல ரெண்டு வகைப் பணத்தப் பிரிச்சுக்கோங்க

ஒண்ணு ஃபெல்லோஷிப். இது உங்களுக்கு மாசா மாசம் வர்ற பணம், நீங்க சாப்பிடணும், வாடகை கட்டணும், பஸ் ஏறணும், அதுக்குதான் இது. இன்னொண்ணு ப்ராஜெக்ட் கிராண்ட். இது ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சி வேலைக்கு வர்ற பணம், காலேஜ் இல்லனா யுனிவர்சிட்டி அக்கவுண்டுக்குப் போகும், அங்க இருந்து சர்வே எடுக்க, ஆள் வைக்க, புக் வாங்க செலவாகும், உங்க பாக்கெட்டுக்கு வராது. பொதுவா பர்மனென்ட் வேலைல இருக்கற ப்ரொபசர் பேர்லதான் ப்ராஜெக்ட் வாங்குவாங்க. புதுசா வர்றவங்க ப்ராஜெக்ட் கிராண்ட் அழைப்பப் பாத்துட்டு "எனக்கு பத்து லட்சம் கிடைக்குமா"ன்னு கேப்பாங்க, கிடைக்காது, ஆனா அந்த ப்ராஜெக்ட்ல ரிசர்ச் அசிஸ்டென்டாவோ ஃபீல்ட் இன்வெஸ்டிகேட்டராவோ உங்களுக்கு சம்பள வேலை கிடைக்கலாம். என் கருத்துல எம்.ஏ. முடிச்ச ஒருத்தருக்கு அதுதான் நல்ல ஆரம்பம், வேற ஒருத்தர் பணத்துல எப்படி ஒரு சர்வே கெட்டுப் போகுதுன்னு பக்கத்துல இருந்தே பாத்துக்கலாம்.

யாரு குடுக்கறாங்க

அரசியல் அறிவியலுக்குன்னு டெல்லில தனியா ஒரு ஆபீஸ் கிடையாது. சமூக அறிவியல் எல்லாத்துக்கும் சேத்து இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, 1969ல மத்திய அரசு ஆரம்பிச்சது, எல்லாரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.னுதான் சொல்லுவாங்க. தென் மாநிலங்களுக்கான இதோட மண்டல மையம் ஹைதராபாத்ல உஸ்மானியா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல இருக்கு. இதோட நிதி உதவி வாங்குற ஆராய்ச்சி நிறுவனங்கள்ல ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கு, அடையார்ல எம்.ஐ.டி.எஸ்., அதாவது மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், மால்கம் ஆதிசேஷையா 1971ல ஆரம்பிச்சது. பொருளாதாரம்தான் அங்க பெருசு, ஆனா அரசியல், வரலாறு, சாதி, நகரம்னு வேலை செய்யற ஆளுங்களும் உண்டு. தண்டையார்பேட்டைல இருந்து அடையார் போறது வேற ஊருக்குப் போற மாதிரி தோணும்தான், பரவால்ல, அங்க லைப்ரரிய ஒரு தடவ பாத்துட்டு வாங்க.

அடுத்தது யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு. இவங்க நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வு வழியா ஜே.ஆர்.எஃப்.ங்கற மாச ஃபெல்லோஷிப் குடுக்கறாங்க. காலேஜ் வாத்தியாருங்களுக்கு யு.ஜி.சி. மைனர் ப்ராஜெக்ட், மேஜர் ப்ராஜெக்ட்னு ஒரு காலத்துல வாரி வாரிக் குடுத்தது, சீனியருங்க இன்னும் அதப் பத்தியே பேசுவாங்க, அந்த நினைப்புல இருக்காதீங்க, இப்ப ப்ராஜெக்ட்டுனா பெரும்பாலும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.தான். 2018ல இம்ப்ரஸ்னு ஒரு திட்டம் வந்துச்சு, 414 கோடி ரூபாய், 1500 ப்ராஜெக்ட்டுனு அறிவிச்சாங்க, அதுவும் முடிஞ்சு போச்சு. இப்படித்தான், திட்டம் பேரு மாறிக்கிட்டே இருக்கும், அதனால பேர மனப்பாடம் பண்ணாம நிறுவனத்தோட வெப்சைட்ட மாசம் ஒரு தடவ திறந்து பாக்கற பழக்கம் வச்சுக்கோங்க.

வெளியுறவு பத்தி ஆராய்ச்சி பண்றவங்க டெல்லி சப்ரு ஹவுஸ்ல இருக்கற உலக விவகாரங்களுக்கான இந்திய கவுன்சிலயும் பாக்கணும். மாநில அரசு பக்கம் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கு, தேர்வு வச்சு ஆள் எடுக்கறாங்க. ஆதி திராவிடர் நலத்துறைல முழு நேர பி.எச்டி. பண்ற எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறின கிறிஸ்தவ ஆதி திராவிட மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை குடுக்கறாங்க, நம்ம பக்கத்துல இதுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாதவங்க எத்தன பேரு இருக்காங்கன்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்ப மத்திய அரசு 2022-23ல நிறுத்திடுச்சு, ராயபுரம், மண்ணடிப் பக்கம் யாராவது இன்னும் அதுக்குக் காத்துகிட்டு இருந்தா சொல்லிடுங்க.

பி.எச்டி. சீட்டு முன்னாடி, பணம் பின்னாடி

எந்த ஃபெல்லோஷிப்பா இருந்தாலும் கடைசில நீங்க ஒரு இடத்துல முழு நேர பி.எச்டி.ல பதிவு பண்ணி இருக்கணும். பார்ட் டைம்னா கதவு மூடிடும். அதனால முதல் வேலை கைடு, அதாவது பி.எச்டி.க்கு வழிகாட்டற ப்ரொபசர், தேடுறது. சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட அரசியல், பொது நிர்வாகத் துறை இருக்கு, அதே ரோட்ல மாநிலக் கல்லூரி இருக்கு, தாம்பரத்துல எம்.சி.சி.னு சொல்ற மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் இருக்கு. இதுல யாருகிட்ட இடம் காலியா இருக்குன்னு கேக்கணும், ஒவ்வொரு கைடும் இத்தன பேரத்தான் எடுக்கலாம்னு விதி இருக்கு. கைடு பேரு பெருசா இருக்கறத விட, அவங்ககிட்ட ஏற்கனவே பண்ற பசங்க ஃபெல்லோஷிப் வாங்கிட்டு இருக்காங்களா, மாசா மாசம் கையெழுத்து சிக்கல் இல்லாம கிடைக்குதான்னு அந்தப் பசங்ககிட்டயே டீக்கடைல நின்னு கேளுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன் முக்கியம்னு கீழ வரும். யு.ஜி.சி.யோட 2022 விதிப்படி பி.எச்டி. குறைஞ்சது 3 வருஷம், பொதுவா அதிகபட்சம் 6 வருஷம், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். டாக்டரல் ஃபெல்லோஷிப் 2 வருஷம்தான் வரும், மீதி வருஷத்துக்கு என்ன வழின்னு இப்பவே ஒரு தாள்ல எழுதிப் பாத்துக்கோங்க.

நெட்

வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன், டிசம்பர் சுழற்சி. தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்துது. முதல் பேப்பர் பொது, 50 கேள்வி 100 மார்க், ரெண்டாவது நம்ம பாடம், 100 கேள்வி 200 மார்க், மொத்தம் 3 மணி நேரம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீங்க. ஜே.ஆர்.எஃப்.க்கு வயசு 30க்குள்ள இருக்கணும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., பெண்கள் இவங்களுக்கெல்லாம் 5 வருஷம் தளர்வு. கிடைச்சா முதல் 2 வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, இது 2023 ஜனவரில இருந்து வந்த ரேட்டு, வாடகைப் படி தனி.

கேள்வி இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான் வரும், தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இது ஒரு சுமைதான், சும்மா மோட்டிவேஷன் சொல்லி மறைக்கறதுல அர்த்தம் இல்ல. ஆனா அரசியல் அறிவியல் சிலபஸ்ல இந்திய அரசியல் சிந்தனைன்னு ஒரு யூனிட் இருக்கு, அதுல கௌடில்யர், தாகூர், காந்தியோட பெரியாரும் அம்பேத்கரும் இருக்காங்க, நம்ம தெருமுனைக் கூட்டத்துல காதுல விழுந்ததே பாதி உதவும். மீதி பாதி பழைய கேள்வித்தாள், வேற வழி இல்ல. இன்னொரு விஷயம், எஸ்.சி., ஓ.பி.சி. தேசிய ஃபெல்லோஷிப்புக்கும் நெட் ரிசல்ட்ட வச்சுதான் ஆள் எடுக்கறாங்க, அதனால ஜே.ஆர்.எஃப். கட் ஆஃப் வரலனாலும் பரீட்சை வீணில்ல, விண்ணப்பம் போடும்போது அந்தக் கட்டங்கள ஒழுங்காப் படிச்சு நிரப்புங்க.

நெட் இல்லாமலும் ஒரு வழி

அதுதான் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். டாக்டரல் ஃபெல்லோஷிப். மாசம் 20,000, கன்டின்ஜென்சி, அதாவது ஆராய்ச்சிக்கான சில்லறைச் செலவுக்கு, வருஷத்துக்கு 20,000, வயசு வரம்பு 40, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு 5 வருஷம் கூட. ஜே.ஆர்.எஃப். பக்கத்துல வச்சுப் பாத்தா சின்னப் பணம், ஆனா இங்க உங்க ஆராய்ச்சி யோசனைய, அதாவது நீங்க எழுதி அனுப்பற ப்ரொபோசல, படிச்சுப் பாத்துதான் மார்க் போடறாங்க, அங்கதான் நம்ம ஏரியாப் பசங்களுக்கு ஒரு சான்ஸ் இருக்குன்னு நான் நம்பறேன். வேற எந்த ஃபெல்லோஷிப்பும் வாங்கிட்டு இருக்கக் கூடாது, பி.எச்டி. பதிவு உறுதி ஆகி இருக்கணும். தொகையும் விதியும் அந்தந்த வருஷ அறிவிப்புல மாறலாம், விண்ணப்பிக்கற அன்னிக்கு வெப்சைட்ல இருக்கற பி.டி.எஃப்.தான் கணக்கு, நான் சொன்னது இல்ல.

பேரு, இனிஷியல், சாதிச் சான்றிதழ்

இத ஒரு தனித் தலைப்பாப் போடணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். தமிழ்நாட்டுல நமக்கெல்லாம் இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல கே. முருகன்னு இருக்கும், ஆதார்ல முருகன் கண்ணன்னு இருக்கும், பேங்க் பாஸ்புக்ல முருகன் கே.ன்னு இருக்கும். டெல்லில இருக்கற கம்ப்யூட்டருக்கு இது மூணும் மூணு ஆளு. ஃபெல்லோஷிப் பணம் ஆதார் இணைச்ச அக்கவுண்டுக்கு நேரா வர்றதால இதுல இடிச்சா மாசக்கணக்குல நிக்கும். நெட் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஆதார், பேங்க் ரெண்டையும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற மாதிரி ஆக்கிடுங்க, அதுக்கு அப்புறம் எங்க கேட்டாலும் அதே எழுத்து, அதே இடைவெளி, அதே புள்ளி.

அடுத்தது பி.சி., எம்.பி.சி. பசங்க பண்ற பெரிய குளறுபடி. நம்ம மாநில அரசு குடுத்த சாதிச் சான்றிதழ் மத்திய அரசு விண்ணப்பத்துக்கு செல்லாது, அவங்க கேக்கறது மத்திய அரசு வடிவத்துல இருக்கற ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது வசதி வரம்பத் தாண்டாத ஓ.பி.சி. குடும்பம்னு சொல்ற சான்றிதழ். உங்க சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியல்ல இருக்கான்னும் பாக்கணும், மாநிலப் பட்டியல்ல இருக்கறது எல்லாமே அங்க இருக்காது. இ-சேவை மையத்துல பதிவு பண்ணி தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வாங்கணும், வருமானத்த வச்சு குடுக்கறதுனால இதுக்குத் தேதி பாப்பாங்க, பழச வச்சுக்கிட்டு இருக்காதீங்க. வி.ஏ.ஓ., ஆர்.ஐ.னு ஒவ்வொரு டேபிளா நகர்றதுக்கு நாளாகும், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஓடினா வேலைக்கு ஆகாது. வருமானச் சான்றிதழையும் சேத்து ஒரே அலைச்சல்ல முடிங்க.

கேள்வி எப்படிப் பிடிக்கறது

இங்க கொஞ்சம் நின்னு பேசணும். வட சென்னைப் பையன் ஒருத்தன் யோசனை எழுதுனா நூத்துக்கு எண்பது தடவ தலைப்பு "ஓட்டுக்குப் பணம்"னுதான் வருது. தப்பில்ல, ஆர்.கே. நகர்ல 2017 ஏப்ரல்ல பணப் பட்டுவாடா புகார்ல தேர்தல் கமிஷன் இடைத்தேர்தலையே ரத்து பண்ணுச்சு, டிசம்பர் 21ந் தேதி திரும்ப நடந்துச்சு, சுயேச்சையா நின்ன டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, இது இந்தியா முழுக்கத் தெரிஞ்ச கதை. அதனாலதான் சொல்றேன், உங்க யோசனையப் படிக்கற நிபுணருக்கும் இது தெரிஞ்ச கதை. "தேர்தல்ல பணத்தின் பங்கு: ஓர் ஆய்வு"ன்னு அனுப்புனா அடுத்த தாளுக்குப் போயிடுவாரு. பணம் வாங்குனேன்னு சர்வேல யாரு ஒத்துக்குவாங்க, அதுக்கு உங்ககிட்ட என்ன முறை இருக்குன்னு அவரு கேக்கற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

அதுக்குப் பதிலா நீங்க தெருவுல தினம் பாக்கற, ஆனா டெல்லில யாருக்கும் தெரியாத ஒரு முடிச்சப் பிடிங்க. உதாரணத்துக்கு, கால்வாய்க் கரைல இருந்த குடும்பங்கள பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாத்திட்டாங்க இல்ல, அவங்க வாக்காளர் பட்டியல்ல பேரு எப்ப மாறுது, 8ஆம் நம்பர் படிவம் போட்டு மாத்துறதுக்கு நடுவுல இருக்கற காலத்துல தண்ணி வரலனா யாருகிட்டப் போறாங்க, பழைய கவுன்சிலர்கிட்டயா புது கவுன்சிலர்கிட்டயா, இல்ல ஏரியால கட்சி அண்ணன் ஒருத்தர்கிட்டயா? இது ஒரு கேள்வி. பிரதிநிதித்துவம்னு தியரில என்னவெல்லாம் பேசறாங்களோ அது பூரா இதுக்குள்ள இருக்கு, ஆனா கேள்வி கையடக்கமா இருக்கு, அளக்கவும் முடியும்.

இன்னொண்ணு. 2022 பிப்ரவரில சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்துச்சு, 200 வார்டுல பாதி பெண்களுக்கு. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்கள்ல பெண் கவுன்சிலர் ஜெயிச்ச வார்டுல மனு வாங்கறது யாரு, கவுன்சிலரா அவரு வீட்டுக்காரரான்னு எல்லாரும் கிண்டலாப் பேசுவோம், அத ஒரு வருஷம் உக்காந்து ஒழுங்கா எண்ணிப் பாத்தா அது ஆராய்ச்சி. வார்டு மக்கள் கூடிப் பேசற ஏரியா சபைக்கு யாரு வர்றாங்க, என்ன கேக்கறாங்கன்னும் பண்ணலாம். வரலாறு பிடிச்சவங்களுக்கு பெரம்பூர் பின்னி மில்லு இருக்கு, 1918ல பி.பி. வாடியா தலைவரா இருந்து உருவான மெட்ராஸ் லேபர் யூனியன் இங்கதான் ஆரம்பிச்சது, 1921 வேலை நிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கோப்பா இருக்கு, காலேஜ் லெட்டரோட போகணும். எண்ணூர்ல 2023 டிசம்பர்ல எண்ணெய்க் கசிவு வந்தப்ப நிவாரணப் பட்டியல்ல யாரு பேரு ஏறுச்சு, யாரு ஏத்துனாங்கன்னு கேட்டா அது முழுக்க முழுக்க அரசியல் அறிவியல்.

ஒரு விஷயம் கவனிங்க, இது எதுலயும் நான் தீர்ப்பு எழுதல. அரசாங்கப் பணத்துல அரசாங்கத்த விமர்சிக்கலாமான்னு பசங்க கேப்பாங்க. யோசனைலயே "அரசு தோத்துப் போச்சு என்பதை நிரூபிப்பதே நோக்கம்"னு எழுதுனா எந்த நாட்டுலயும் பணம் வராது, "எந்தெந்த இடத்துல திட்டம் போய்ச் சேருது, எங்க சேரல, ஏன்"னு கேட்டா அதே விஷயத்த நேர்மையாவும் கேட்டதாகும். அமெரிக்காவுல 2013ல டாம் கோபர்ன்ங்கற செனட்டர், அந்த நாட்டோட தேசிய அறிவியல் அறக்கட்டளை அரசியல் அறிவியலுக்குப் பணம் குடுக்கணும்னா அது தேசப் பாதுகாப்புக்கோ பொருளாதாரத்துக்கோ உதவணும்னு ஒரு திருத்தத்தையே நிறைவேத்துனாரு, அடுத்த வருஷம்தான் அது போச்சு. ஆகமொத்தம் நம்ம பாடத்த எங்கயும் சந்தேகத்தோடதான் பாக்கறாங்க. அதனால இந்த ஆராய்ச்சி முடிஞ்சா யாருக்கு என்ன தெரியவரும்னு ரெண்டு வரி, வார்டு ஆபீசருக்குப் புரியற மாதிரி எழுதிடுங்க.

யோசனை எழுதறது

ஃபார்ம்ல கேக்கறது எல்லாம் ஒண்ணுதான்: அறிமுகம், ஏற்கனவே வந்த ஆய்வுகள், இடைவெளி, கேள்வி, முறை, கால அட்டவணை, பட்ஜெட். முதல்ல தமிழ்ல உங்க அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்ற மாதிரி சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, அத வச்சு இங்கிலீஷ்ல சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க, ஏன்னா அனுப்பறது இங்கிலீஷ்லயோ ஹிந்திலயோதான். அலங்காரம் வேணாம். முன்னாடி வந்த ஆய்வுகளுக்கு ஷோத்கங்காங்கற வெப்சைட்ல தேடுங்க, இந்தியா முழுக்க வந்த பி.எச்டி. ஆய்வுகள் இலவசமா இருக்கு, உங்க தலைப்ப ஏற்கனவே எவனாவது பண்ணிட்டானான்னு அங்கதான் தெரியும். அதுலருந்து வெட்டி ஒட்டாதீங்க, ஒத்திருக்கறது 10 சதவீதத்தத் தாண்டுனா யு.ஜி.சி.யோட 2018 விதில மாட்டுவீங்க.

முறைங்கற பகுதிலதான் பணம் நிக்கும் இல்ல விழும். "சர்வே எடுக்கப்படும்"னு ஒரு வரி எழுதாதீங்க. எந்த வார்டு, ஏன் அந்த வார்டு, எத்தன வீடு, வீட்ட எப்படிப் பொறுக்குவீங்க, வாக்காளர் பட்டியல்ல இருந்து எடுப்பீங்களா, இல்ல தெருவுல பத்து வீட்டுக்கு ஒண்ணா, கதவு பூட்டி இருந்தா என்ன பண்ணுவீங்க, எல்லாம் சொல்லணும். பூத் வாரியா ஓட்டு எண்ணிக்கை வேணும்னா தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல 20ஆம் நம்பர் படிவம் இருக்கு. வட சென்னை எம்.பி. தொகுதின்னா திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம்னு ஆறு சட்டமன்றத் தொகுதி, மொத்தத்தையும் பண்றேன்னு கிளம்பாதீங்க, ரெண்டு மூணு வார்டு எடுத்து ஆழமாப் போங்க. மாநகராட்சில தகவல் குடுக்கலனா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும், அந்த 30 நாளையும் கால அட்டவணைல சேருங்க.

பட்ஜெட் கணக்கு இப்படிப் போடுங்க. 300 வீடுன்னு வச்சுக்கோங்க. ஒரு பேட்டி முக்கால் மணி நேரம்னா ஒரு ஆளு நல்லா வேலை பாத்தா நாளைக்கு ஆறு வீடு முடிப்பாரு, அப்ப 50 ஆள்-நாள், ரெண்டு பேரு வச்சா 25 நாள், பூட்டின வீட்டுக்குத் திரும்பப் போறதுக்குப் பத்து நாள் சேருங்க. அத அந்த வருஷ அறிவிப்புல குடுத்திருக்கற சம்பள ரேட்டால பெருக்குங்க. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். ப்ராஜெக்ட்ல சம்பளத்துக்கு இவ்ளோ சதவீதம், ஃபீல்ட் வேலைக்கு இவ்ளோ, புக்குக்கும் சாதனத்துக்கும் இவ்ளோன்னு வரம்பு இருக்கும், அந்த வரம்புக்குள்ள உங்க கணக்கு உக்காரணும். லேப்டாப்ப பெருசாப் போட்டு பேட்டிக்குக் கம்மியாப் போட்டா படிக்கறவருக்கு உடனே தெரிஞ்சிடும். ஷேர் ஆட்டோ, கேள்வித்தாள் ஜெராக்ஸ், பேட்டிய எழுத்தாக்கறது, தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு மாத்தறது, இந்த நாலும் பசங்க மறக்கற செலவு. பேட்டிய எழுத்தாக்கறதுதான் கடைசில ஆளக் கொல்லும், அதுக்குக் கண்டிப்பா பணம் போடுங்க.

எப்ப போறது

ஏரியாக்காரங்களுக்கு இருக்கற சாதகம் இது, கால அட்டவணைல காட்டுங்க. காசிமேட்டுல மீனவங்கள பேட்டி எடுக்கணும்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், போட்டுக்காரங்க கரைலதான் இருப்பாங்க, மத்த நாள்ல போனா விடியற்காலைல ஏலக் கூச்சல்ல உங்ககிட்ட யாரு பேசுவா. அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் சர்வே வைக்காதீங்க, வியாசர்பாடிலயும் கொருக்குப்பேட்டைலயும் தண்ணி நிக்கும், ஜனங்க கோபத்துல இருப்பாங்க, அப்ப வர்ற பதிலும் அந்தக் கோபத்தோட பதிலாத்தான் இருக்கும். பெண்கள்கிட்ட பேச மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் சரியா இருக்கும், தண்ணி லாரி வர்ற தெருவுல அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. தேர்தல் அறிவிச்ச பிறகு கேள்வித்தாளோட தெருவுல நின்னா எந்தக் கட்சி ஆளுன்னுதான் பாப்பாங்க, காலேஜ் ஐ.டி. கழுத்துல இருக்கணும், ஏரியா ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுத்து வைக்கறது நல்லது. பேட்டி குடுக்கறவங்ககிட்ட சம்மதம் வாங்கற தாளத் தமிழ்ல, பெரிய எழுத்துல அடிங்க, கையெழுத்துப் போட பயந்தா வாய்ச் சம்மதத்த ரெக்கார்ட் பண்ணலாம், அத முன்னாடியே யோசனைல எழுதி காலேஜ் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிடுங்க.

அனுப்பறது

ஆன்லைன்ல போட்டா மட்டும் போதும்னு நினைக்காதீங்க, பிரிண்ட் எடுத்து தபால்ல கேக்கறாங்களான்னு பாருங்க. காலேஜ் முதல்வரோ ரிஜிஸ்ட்ராரோ போட்ட கையெழுத்து, சீல், ஃபார்வர்டிங் லெட்டர், இது இல்லாம எதுவும் நகராது. அந்தக் கையெழுத்துக்கு கோப்பு துறைத் தலைவர்ல இருந்து மேல போகணும், நடுவுல ஒருத்தர் லீவுன்னா போச்சு. மூணு வாரம் முன்னாடியே கோப்ப ஆரம்பிங்க, எந்த டேபிள்ல இருக்குன்னு தினம் மரியாதையா கேளுங்க, அந்த செக்ஷன் அக்கா பேரு தெரிஞ்சு வச்சுக்கறது எந்த தியரியவிடவும் உதவும். இவ்ளோ குடுத்தா முடிச்சுத் தரேன்னு எவனாவது வந்தா நம்பாதீங்க, இதுல புரோக்கருக்கு வேலையே இல்ல.

பணம் வந்த பிறகு

ஜே.ஆர்.எஃப்.னா கனரா பேங்க் போர்ட்டல் வழியா உங்க யுனிவர்சிட்டில ஒருத்தர் பதிவு பண்ணணும், இன்னொருத்தர் அத சரிபாத்து ஒத்துக்கணும், இந்த ரெண்டு பேரும் மாசா மாசம் பண்ணாதான் பணம் இறங்கும். அதனாலதான் மேல சொன்னேன், கைடுகிட்ட இருக்கற பசங்ககிட்ட முதல்லயே விசாரிங்கன்னு. வருகைப் பதிவேடு கையெழுத்த மாசக் கடைசிக்கு விடாம முன்னாடியே வாங்குங்க. எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு மூணு மாசம் சேந்து வர்றது சகஜம், அதனால ஃபெல்லோஷிப்ப நம்பி வண்டிக்கு இ.எம்.ஐ. போடாதீங்க.

ப்ராஜெக்ட் பணம்னா தவணையா வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டுனாதான் அடுத்தது. பயன்பாட்டுச் சான்றிதழ்னு ஒண்ணு குடுக்கணும், மத்திய அரசோட 2017 பொது நிதி விதில 12-ஏ படிவம், நிதி அதிகாரியும் ஆடிட்டரும் கையெழுத்துப் போடணும். ஷேர் ஆட்டோக்கு பில் எங்க வாங்கறதுன்னு கேப்பீங்க, முதல் நாள்லயே நிதிப் பிரிவுல கேட்டு அவங்க ஒத்துக்கற பயண அறிக்கைத் தாள் மாதிரிய வாங்கி வச்சு தினம் நிரப்புங்க, முடிஞ்ச பிறகு மொத்தமா எழுதுனா ஆடிட்ல பல்லக் காட்டிடும். ஒரு தலைப்புப் பணத்த இன்னொரு தலைப்புல செலவு பண்ணணும்னா முன்னாடி அனுமதி, எழுத்துல.

கிடைக்கலனா? முதல் தடவ பெரும்பாலும் கிடைக்காது. காரணம் சொல்லி லெட்டர் வர்றதும் அரிது. அதே யோசனைய குப்பைல போடாம உங்க கைடு தவிர வேற ஒரு ப்ரொபசர்கிட்ட குடுத்து, முறைப் பகுதிய மட்டும் கிழிக்கச் சொல்லுங்க, திருத்தி அடுத்த அழைப்புக்கு அனுப்புங்க, நடுவுல ரெண்டு மாசம் பத்து வீட்ட மட்டும் பேட்டி எடுத்து முன்னோட்டம் பண்ணி அதோட முடிவ ஒரு பக்கம் சேருங்க, படிக்கறவருக்கு இவன் ஃபீல்டுக்குப் போனவன்னு தெரியும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பத்து நாள் ஆராய்ச்சி முறையியல் வகுப்புகளுக்கும் காலேஜுங்களுக்குப் பணம் குடுக்குது, பி.எச்டி. பசங்களுக்கு, எங்க நடந்தாலும் விண்ணப்பம் போட்டுப் போங்க, அங்க வர்ற மத்த ஊர்ப் பசங்களோட ஜெயிச்ச யோசனைகள வாங்கிப் படிக்கலாம்.

கடைசியா, கிராண்ட்ல எடுத்த டேட்டாவ முடிஞ்ச பிறகு ஒப்படைக்கச் சொல்லிக் கேக்கலாம். பேட்டி எடுத்த அன்னிக்கே பேரு, போன் நம்பர், வீட்டு நம்பர் எல்லாத்தையும் தனி ஃபைல்ல பிரிச்சு வச்சு, மெயின் ஃபைல்ல வெறும் நம்பர் மட்டும் போடுங்க. நம்ம தெருவுல "மூணாவது சந்து, டெய்லர் கடை மாடி"ன்னு எழுதுனாலே ஆளு யாருன்னு கவுன்சிலருக்குத் தெரிஞ்சிடும், அதனால சந்து பேரும் வேணாம், வார்டு நம்பரோட நிறுத்திக்கோங்க.